மஞ்சள் விளக்கு வைத்த அக்கா

அக்காவின் பெயரை நான் இங்கே எழுதப்போவதில்லை. எழுதினால் அவருக்குப் பிடிக்காது. நாங்கள் பார்த்த வேலையும் பெயர் போட்டுப் பெருமை பேசுகிற வேலை இல்லை. ஆனாலும் இத்தனை வருஷம் கழித்து, அவரைப் பற்றி நாலு பேருக்குச் சொல்லாமல் இருக்க என்னால் முடியவில்லை.

பாலக்காட்டிலிருந்து வாளையாறு போகிற சாலையில், தொழிற்பேட்டைக்குள் ஒரு சின்னக் கம்பெனி. நாற்பது பேர் இருந்தோம். எல்லையில் இருக்கும் ராணுவக் காவல் சாவடிகளுக்குக் கண்காணிப்புக் கேமரா செய்தோம். ஒரே பெட்டிக்குள் இரண்டு கண். ஒன்று நம் கண்ணைப் போல வெளிச்சத்தில் பார்ப்பது. மற்றது அகச்சிவப்புக் கண். அதற்கு வெளிச்சம் வேண்டாம், சூடு போதும். மனிதனோ மாடோ கல்லோ, எதுவானாலும் அதன் சூட்டுக்குத் தக்கபடி நமக்குப் புலப்படாத ஓர் ஒளி அதிலிருந்து வந்துகொண்டே இருக்கிறது. அதை வாங்கிக் கறுப்பு வெள்ளைப் படமாகத் திரையில் காட்டும். நான் லென்ஸ் பொருத்தும் பகுதியில் இருந்தேன். அக்கா சோதனைப் பகுதியில். நாங்கள் முடித்துக் கொடுத்த பெட்டியை அவர் பார்த்துக் கையெழுத்துப் போட்டால்தான் அது வாசலைத் தாண்டும்.

என்னைவிட ஆறேழு வயது மூத்தவர். பீர்மேட்டுப் பக்கம் ஒரு தேயிலை எஸ்டேட்டில், லயம் என்கிற தொழிலாளர் வரிசை வீட்டில் பிறந்தவர். அப்பா சின்ன வயதிலேயே போய்விட்டார். அம்மா கொழுந்து கிள்ளியே மகளைப் படிக்க வைத்தார். மலையாளிகள் அவரைச் சேச்சி என்றார்கள், டெல்லியிலிருந்து வருகிறவர்கள் மேடம் என்றார்கள், எனக்கு அக்கா. நல்லேப்பிள்ளியில் எங்கள் வீட்டு மாடியில்தான் வாடகைக்கு இருந்தார். அதனால் பகலில் கம்பெனியிலும் மற்ற நேரத்தில் வீட்டிலுமாக அவரைப் பார்த்தபடியே பன்னிரண்டு வருஷம் ஓடியது.

முதலில் பார்த்தது அவர் வேலை கேட்டு வந்த நாளில். ஆறு பேர் வந்திருந்தார்கள். மேலாளர் எல்லோரையும் ஒரு திரைக்கு முன்னால் நிறுத்தினார். மொட்டைமாடியில் வைத்த அகச்சிவப்புக் கேமரா தூரத்து வயலைக் காட்டிக்கொண்டிருந்தது. சாயங்கால நேரம். சாம்பல் நிற வயலுக்கு நடுவில் வெள்ளையாக ஒன்று நின்றது.

"என்ன தெரியுது?" என்றார் மேலாளர்.

ஐந்து பேரும் ஒரு ஆள் நிற்கிறான் என்றார்கள். ஒருவர் அவன் கையில் குடை இருப்பதாகக்கூடச் சொன்னார். அக்கா ரொம்ப நேரம் பார்த்தார்.

"நெட்டுக்குத்தலா ஒண்ணு தெரியுது சார். பக்கத்துல உள்ளதவிட சூடா இருக்கு. அசையல."

"ஆள்தானே?"

"அது தெரியல சார்."

"பரவால்ல, ஊகிச்சுச் சொல்லுங்க."

"ஊகிச்சா என் மனசுல உள்ளதுதான சார் வரும்? அங்க உள்ளது வராதே."

அது வேலிக்கு நட்ட சிமெண்டுக் கம்பம். பகல் முழுக்க வெயில் குடித்துவிட்டு, வயல் ஆறிய பிறகும் தான் ஆறாமல் நின்றுகொண்டிருந்தது. மேலாளர் வாய்விட்டுச் சிரித்தார். அன்றே வேலை கொடுத்தார். அவரே பின்னால் இதே குணத்துக்காக அக்காவிடம் பல்லைக் கடித்தார் என்பது வேறு விஷயம்.

அந்தக் குணம் கம்பெனி வாசலோடு நிற்கவில்லை. காலையில் என் அப்பா களத்தில் நெல்லைக் காயப்போடுவதற்கு முன்னால் மாடியைப் பார்த்துக் குரல் கொடுப்பார்.

"ஏனம்மிணி, இன்னைக்கு மழ வருமா?"

"மேகம் கூடியிருக்கு ஐயா. மழை தெரியல."

அப்பாவுக்கு ஆரம்பத்தில் எரிச்சலாக இருந்தது. மேகம் கூடியிருப்பது அவர் கண்ணுக்கும்தான் தெரியுமே. ஆனால் நாளாக ஆக, வேறு யாரிடமும் கேட்காமல் அவரிடமே கேட்டார்.

என் தங்கைக்கு ஒரு வரன் வந்தது. சித்திரபுரத்தில் மின்வாரியக் குடியிருப்பில் இருந்த பையன். அக்காவின் சித்தி வீடும் அங்கே இருந்ததால் அம்மா அவரைக் கூப்பிட்டு விசாரித்தார்.

"ரெண்டு தடவ பாத்திருக்கேன்" என்றார் அக்கா. "ரெண்டு தடவையும் அவுங்க அம்மகூட மேட்டுல ஏறி வந்தாரு. முன்னால ஓடிப் போவல. அம்ம நடைக்குத் தக்கன மெதுவா நடந்து வந்தாரு. வேற ஒண்ணும் நான் பாக்கல."

"குணம் எப்படீன்னு கேட்டனுங்க."

"அது நான் பாக்கலம்மா."

அவர் மாடிக்குப் போனதும் அம்மா பொரிந்து தள்ளினார். "நல்ல பையன்னு ஒரு வார்த்த சொன்னா வாயி தேஞ்சா போயிரும்?" அப்பா மட்டும் வெற்றிலையை மென்றபடி, "சொன்னாளே, கேக்கலையா நீ?" என்றார். அந்தப் பையனுக்கே தங்கையைக் கொடுத்தோம். நாலு பேர் வந்து அவனைத் தங்கக் கம்பி என்றார்கள். அப்பா நம்பியது அக்கா பார்த்த அந்த இரண்டு நடையைத்தான். இன்றுவரைக்கும் அது பிசகவில்லை.

ஆயுத பூஜையன்று மட்டும் குடும்பத்தாரைக் கம்பெனிக்குள் விடுவார்கள். ஒரு வருஷம் என் மனைவியும் வந்திருந்தாள். ஒரு பழைய கேமராவை வைத்துக்கொண்டு அக்கா வித்தை காட்டினார். கையைக் கறுப்புப் பிளாஸ்டிக் பைக்குள் விட்டார். திரையில் ஐந்து விரலும் பளிச்சென்று தெரிந்தன. அடுத்து ஒரு ஜன்னல் கண்ணாடியைத் தூக்கி முகத்துக்கு நேராகப் பிடித்தார். முகத்தைக் காணவில்லை. கண்ணாடி இருந்த இடத்தில் வெறும் சாம்பல் சதுரம்.

"கண்ணாடிக்கு அந்தப்புறம் தெரியாதுங்களா! இதென்னங்க கூத்து?" என்றாள் என் மனைவி.

"ஒவ்வொரு கண்ணுக்கும் ஒண்ணு மறைக்கும் தங்கச்சி. எது மறைக்குதுன்னு தெரிஞ்சி வச்சிக்கிட்டா போதும்."

எப்படி இந்தப் பழக்கம் வந்தது என்று ஒருநாள் மதியச் சாப்பாட்டின்போது கேட்டேன். சாப்பிட்டு முடித்து, டப்பாவைக் கழுவி வைத்துவிட்டுத்தான் சொன்னார். அவர் அம்மாவோடு கொழுந்தெடுக்கப் போகும் கூட்டத்தில் ஒரு பெண் இருந்தாராம். நல்ல தைரியசாலி. மலையில் மஞ்சு இறங்கிவிட்டால் அவர்தான் முன்னால் போவார். ஒருநாள் காலையில் பனி மூடிய சரிவில் மற்றவர்கள் தயங்கி நின்றபோது, அவர் எட்டிப் பார்த்துவிட்டு, "ஒண்ணும் இல்ல, வாங்க" என்று சொல்லி முதல் ஆளாக இறங்கினார். செடிகளுக்கு நடுவே நின்றிருந்த காட்டுப்போத்து, அதாவது காட்டெருமை, அவரை முட்டித் தள்ளியது. உயிர் பிழைத்தார். அதற்கப்புறம் அவர் எழுந்து நடக்கவில்லை.

"அந்த அக்கா பொய் சொல்லல தம்பி" என்றார். "மஞ்சுக்குள்ள ஒண்ணும் தெரியல. அத ஒண்ணும் இல்லன்னு சொல்லிட்டாங்க. அவ்வளவுதான். இல்லங்கது வேற, தெரியலங்கது வேற. எங்க அம்ம அன்னைக்கு அந்தச் சரிவுல ரெண்டாவது ஆளு."

சோதனைத் தாளில் ஆள் உண்டு, ஆள் இல்லை என்று இரண்டு கட்டங்கள்தான் அச்சடித்திருக்கும். அக்கா ஸ்கேல் வைத்து மூன்றாவதாக ஒரு கோடு போட்டு, அங்கே 'தெரியவில்லை' என்று எழுதுவார். மேலாளர் அந்தத் தாள்களைத் திருப்பித் திருப்பி அனுப்பினார். அக்கா ஒவ்வொரு முறையும் மறுபடி கோடு போட்டார்.

பிறகுதான் அந்தப் பெரிய ஆர்டர் வந்தது. கேமராவில் ஒரு எச்சரிக்கை விளக்கும் வேண்டும் என்றார்கள். காவலாளி எந்நேரமும் திரையையே பார்த்துக்கொண்டிருக்க முடியாது. ஆள் நடமாட்டம் இருந்தால் சிவப்பு எரிய வேண்டும். யாரும் இல்லை என்றால் பச்சை. செய்தோம். நன்றாகவே வேலை செய்தது. ராணுவக் குழு வந்து பார்த்து ஏற்றுக்கொள்ள வேண்டியதுதான் பாக்கி.

மாசி மாதக் கடைசி. நல்லேப்பிள்ளிக்கு அப்பால் அறுவடை முடிந்து காய்ந்து கிடந்த வயல்களில் அக்கா பெட்டியைக் கொண்டுபோய் வைத்து, ஒவ்வொரு மணி நேரத்துக்கும் காவல்காரரை நடக்கவிட்டுச் சோதித்தார். காலையில் பிரமாதம். உச்சிவெயிலிலும் குறையில்லை. ஆனால் ஒன்பதரைக்கும் பத்தேகாலுக்கும் நடுவில் ஏதோ நடந்தது. வெயில் ஏற ஏறத் தரை சூடாகி, மனித உடம்பின் சூட்டைத் தொடும் நேரம் அது. தரையும் ஆளும் ஒரே சூடு என்றால் அகச்சிவப்புக் கண்ணுக்கு இரண்டும் ஒன்றுதான். காவல்காரர் வயலில் கரைந்துபோனார். விளக்கு பச்சை காட்டிக்கொண்டிருந்தது. கொஞ்ச நேரம் கழித்துத் தரை இன்னும் சூடானதும், அவர் கறுப்பு உருவமாக மீண்டும் வந்தார்.

"வந்து பாருங்க தம்பி" என்று என்னையும் கூப்பிட்டார். அந்த வாரம் எங்கள் வயலிலும் அறுப்பு. நாளைக்கு வருகிறேன், நாளைக்கு வருகிறேன் என்று நாலு நாளைப் போக்கினேன்.

அக்கா மேலாளரிடம் போனார். பச்சை விளக்கு பொய் சொல்கிறது, தெரியாத நேரத்தில் தெரியவில்லை என்று சொல்ல மஞ்சளாக இன்னொரு விளக்கு வேண்டும் என்றார். மேலாளர், கேட்டது இரண்டு விளக்கு, கொடுத்தது இரண்டு விளக்கு என்றார். குழு வர நான்கு நாள்தான் இருந்தது. அக்கா சான்றிதழில் கையெழுத்துப் போட மறுத்துவிட்டார். சண்டை போடவில்லை. பேனாவை மூடி வெள்ளைக் கோட்டின் மேல் பையில் செருகிக்கொண்டு வெளியே வந்தார்.

மறுநாள் மேலாளர் என்னைக் கூப்பிட்டார். கெட்ட மனிதர் இல்லை அவர். கண் சிவந்திருந்தது. தூங்கவில்லை போலிருந்தது.

"அவங்க ஒப்பு போடமாட்டேங்கறாங்க. அடுத்த சீனியர் நீதான். இது தள்ளிப்போனா ஆர்டர் வேற கம்பெனிக்குப் போயிரும். நாப்பது குடும்பம் இருக்கு. நீ பொய் எழுத வேண்டாம். அச்சடிச்சிருக்குற எடத்துல ஒப்பு போட்டாப் போதும்."

அச்சடித்திருந்த இடத்தில், 'எல்லா நேரத்திலும் நடந்த சோதனைகளை நேரில் பார்த்தேன்' என்று இருந்தது. நான் படித்தேன். படித்துவிட்டுத்தான் போட்டேன். அன்று மாலை மாடிப்படியில் அக்கா ஏறிப் போன சத்தம் கேட்டபோது நான் வாசலுக்கு வரவில்லை.

குழு வந்தது. ஒரு கர்னல், இரண்டு அதிகாரிகள், ஒரு ஹவில்தார். ஹவில்தார் கம்பம் ஊர்ப் பக்கத்துக்காரர், தமிழர். மேலாளர் சோதனையைக் காலை ஏழு மணிக்கு வைத்திருந்தார். ஹவில்தார் ஒரு கிலோமீட்டருக்கு அப்பால் இருந்து நடந்து வந்தார். திரையில் வெள்ளை உருவம் தும்பைப் பூவாகத் தெரிந்தது, சிவப்பு எரிந்தது. அவர் வரப்பில் படுத்தார், அப்போதும் எரிந்தது. கர்னலுக்குத் திருப்தி. தென்னந்தோப்பு நிழலில் மேசை போட்டு டீ கொடுத்தோம். தாள்களை எடுத்து வைத்தார்கள். கையெழுத்துப் போடுமுன் அவர் வழக்கம்போல ஒரு வார்த்தை கேட்டார்: உங்களில் யாருக்காவது ஏதாவது சொல்ல இருக்கிறதா?

கடைசி வரிசையில் நின்ற அக்கா கையைத் தூக்கினார்.

"பத்து மணிக்கு ஒரு தடவை பார்த்துவிடுங்கள் சார்" என்றார், நிதானமான ஆங்கிலத்தில்.

மேலாளர் தலையைக் குனிந்துகொண்டார். கர்னல் கைக்கடிகாரத்தைப் பார்த்தார். அப்போது ஒன்பதேகால். "சரி, இன்னொரு டீ குடிப்போம்" என்றார்.

பத்து மணிக்கு ஹவில்தார் மறுபடி தூரத்திலிருந்து கிளம்பினார். காய்ந்த நெல் தாளின் நிறத்தில் உடுப்பு. வெயிலில் காற்றே அலை அலையாக ஆடியது. வெளிச்சக் கண்ணின் படத்தில் தேடிப் பார்த்தால் அவர் அகப்பட்டார். ஆனால் விளக்கு அந்தக் கண்ணோடு இணைக்கப்படவில்லை, அகச்சிவப்புக் கண்ணைத்தான் நம்பியிருந்தது. அந்தத் திரையில் வெறும் சாம்பல். பச்சை எரிந்தது. ஐந்நூறு மீட்டர், முந்நூறு மீட்டர். பச்சை. நூறு மீட்டர். எங்கள் எல்லோருக்கும் அவர் வெறும் கண்ணுக்கே தெரிந்தார். மீசைகூடத் தெரிந்தது. பெட்டி மட்டும் யாரும் இல்லை என்றது.

கூப்பிட்டால் கேட்கும் தூரத்தில் நின்று ஹவில்தார் கத்தினார்.

"நான் வந்துட்டேன்ம்மா! இன்னுமா பச்சை எரியுது?"

யாரும் சிரிக்கவில்லை. கர்னல் அக்காவைப் பார்த்து, இதற்கு என்ன அர்த்தம் என்றார். அக்கா சொன்னதை என்னால் அப்படியே சொல்ல முடியும். "பச்சை என்றால் ஆள் இல்லை என்று அர்த்தம் சார். இந்த நேரத்தில் அப்படிச் சொல்ல இதற்கு உரிமை இல்லை. இதற்குத் தெரியவில்லை. தெரியவில்லை என்று சொல்ல இதற்கு ஒரு விளக்கு வேண்டும்."

கர்னல் மேசைக்குப் போய்ச் சான்றிதழை எடுத்தார். எல்லா நேரத்திலும் சோதனையைப் பார்த்ததாகக் கையெழுத்துப் போட்டது யார் என்று கேட்டார்.

அக்கா என் பக்கம் திரும்பவே இல்லை. மேலாளர் மேசையில் கிடந்த மற்றத் தாள்களை அடுக்கினார். வயலில் மைனா கத்தியது. ஆங்கிலத்தில் சொல்லத்தான் நினைத்தேன். வாயில் தமிழ்தான் வந்தது.

"நானுங்க சார். பாக்காமப் போட்டனுங்க."

ஹவில்தார் அதை மொழிபெயர்த்தார். சொன்ன பிறகு அவரும் என்னைப் பார்க்கவில்லை. கர்னல் தாளை மடித்துத் தன் பைக்குள் வைத்துக்கொண்டார். பெட்டிகளை ஏற்காமல் குழு கிளம்பிப் போனது.

மதியம் என்னை வீட்டுக்கு அனுப்பிவிட்டார்கள். பஸ்ஸில் யாரும் என் பக்கத்தில் உட்காரவில்லை என்று எனக்குத் தோன்றியது. நிஜமாகவே இடம் இருந்ததாலும் இருக்கலாம். மனைவியிடம் எப்படிச் சொல்வது என்று தெரியாமல் மாட்டுக்குத் தண்ணீர் காட்டிக்கொண்டு நின்றேன். ஐந்தரை பஸ்ஸில் அக்கா வந்தார். மாடிக்குப் போகாமல் நேராக எங்கள் அடுப்படி வாசலுக்குப் போனார். தொழுவத்திலிருந்து எனக்குக் கேட்டது.

"தங்கச்சி, உங்க வீட்டுக்காரர் ஒரு தப்பு பண்ணினாரு. பாக்காத ஒண்ணப் பாத்தேன்னு ஒப்பு போட்டாரு. இன்னைக்கு அத்தன பேருக்கு முன்னால, யாரும் காட்டிக் குடுக்காம, நான்தான் போட்டேன்னு அவரே சொன்னாரு. ரெண்டையும் நான் பாத்தேன். அதான் சொல்லிட்டுப் போவலாம்னு வந்தேன்."

என் மனைவி என்ன சொன்னாள் என்று கேட்கவில்லை. ஆனால் அன்று சோறு போடும்போது என் தட்டில் அவள் நெய் விட்டாள். எங்கள் கல்யாணத்தில் என்னைப் பாராட்டி வாழ்த்து மடல் வாசித்தவர்கள் பத்துப் பேர் இருப்பார்கள். அதில் ஒரு வரியும் அவளுக்கு நினைவில்லை. அக்கா சொன்னதை மட்டும் இன்றைக்கும் வார்த்தை பிசகாமல் சொல்வாள்.

அதற்கடுத்த பத்து நாள் மோசமானது. கம்பெனியை மூடப்போகிறார்கள் என்று பேச்சு. சாப்பாட்டு அறையில் அக்கா உட்கார்ந்த மேசையில் யாரும் உட்காரவில்லை. என்னைச் சாமான் கட்டும் பகுதிக்கு மாற்றியிருந்தார்கள். மதியம் டப்பாவை எடுத்துக்கொண்டுபோய் நான் மட்டும் வழக்கம்போல அவர் எதிரில் உட்கார்ந்தேன்.

பதினோராவது நாள் கடிதம் வந்தது. மூன்று மாத அவகாசம். விளக்கு இரண்டு கண்ணையும் பார்த்துப் பேச வேண்டும். மூன்றாவது விளக்கும் வேண்டும்.

மஞ்சள் விளக்கை வைப்பது சுலபம். தனக்குத் தெரியவில்லை என்பது ஒரு பெட்டிக்கு எப்படித் தெரியும்? படித்த பொறியாளர்கள் எல்லாம் பலகையில் கணக்குப் போட்டுக்கொண்டிருந்தார்கள். அக்கா அரையடிக்கு அரையடியில் ஒரு தகடு கொண்டுவந்தார். பின்னால் சின்ன ஹீட்டர். மனித உடம்பின் சூட்டிலேயே அதை வைத்திருக்கும். கேமரா பார்க்கும் இடத்தில் தூரத்துக்கு ஒன்றாக மூன்று தகடுகளை நட்டுவிட வேண்டும். அவை எங்கே இருக்கின்றன என்பது பெட்டிக்குத் தெரியும். தகடு கண்ணுக்கு அகப்படும்வரை பச்சையோ சிவப்போ காட்டலாம். தகடே மறைந்துபோனால், அங்கே ஆள் நின்றாலும் மறைந்துதான் போவான். உடனே மஞ்சள்.

"அந்த அக்கா விழுந்த பொறவு எங்க அம்மல்லாம் இதத்தான் செஞ்சாங்க" என்றார் என்னிடம். "செடியில வெள்ளைத் துணி கட்டி வச்சிருப்பாங்க. துணி தெரியலன்னா அந்தச் சரிவுல எறங்க மாட்டாங்க. நான் ஒண்ணும் புதுசாக் கண்டுபிடிக்கல தம்பி."

மேலாளர் அந்தத் தகட்டைக் கையில் வாங்கி முன்னும் பின்னும் புரட்டிப் பார்த்தார். பிறகு தானே எழுந்து போய் அக்காவின் மேசையில் சாப்பிட உட்கார்ந்தார். மூன்று மாதத்தில் பெட்டிகள் போயின. கம்பெனி பிழைத்தது. நாங்கள் நாற்பது பேரும் பிழைத்தோம்.

இரண்டு குளிர்காலம் கழித்து, அக்கா அம்மாவுக்கு முடியவில்லை என்று வேலையை விட்டுவிட்டுப் பீர்மேட்டுக்கே போய்விட்டார். போய் ஆறு மாதம் இருக்கும். ஒருநாள் கம்பெனி வாசலில் யாரோ தேடுவதாகக் கூப்பிட்டார்கள். அதே ஹவில்தார். கையில் ஒரு இனிப்புப் பெட்டி.

"அந்தம்மாவப் பாக்கணும்ண்ணே. பேரு தெரியல. பத்து மணிக்குப் பாருங்கன்னு சொன்னாங்கள்ல, அவங்க."

அவர் இப்போது பீர்மேட்டில் இருக்கிறார் என்றதும் ஹவில்தார் தலையில் அடித்துக்கொண்டு சிரித்தார். கம்பத்திலிருந்து குமுளி ஏறினால் இரண்டு மணி நேரத்தில் போயிருக்க வேண்டிய இடம். அதைவிட்டு ஒரு நாள் முழுக்கப் பஸ்ஸில் உட்கார்ந்து பாலக்காட்டுக்கு வந்திருக்கிறார். நானும் லீவு போட்டுவிட்டு அவரோடு கிளம்பினேன்.

லயத்து வீட்டு வாசலில் அக்காவின் அம்மா வெயில் காய்ந்துகொண்டிருந்தார். உள்ளிருந்து வந்த அக்கா எங்களைப் பார்த்துவிட்டு, ஒன்றும் புரியாமல் சேலையில் கையைத் துடைத்தார். கறுப்புத் தேநீர் வந்தது. ஹவில்தார் எழுந்து நின்றுதான் பேசினார்.

பெயர் சொல்லக்கூடாத ஒரு பனிமலைச் சாவடி. அங்கிருந்து எட்டுப் பேர் ரோந்து போனார்கள். திரும்பும்போது பனிப்புயல். வழி தவறி, வரவேண்டிய பக்கம் இல்லாமல் வேறு பக்கமாகச் சாவடியை நோக்கி வந்துகொண்டிருந்தார்கள். நாலடிக்கு அப்பால் எதுவும் தெரியவில்லை. வயர்லெஸ் வேலை செய்யவில்லை. சாவடியில் இருந்த காவலாளியின் திரையிலும் எதுவும் இல்லை. ஆனால் மஞ்சள் எரிந்தது. மஞ்சள் எரிந்தால் பெட்டியை நம்பி உள்ளே உட்காரக்கூடாது, வெளியே ஆள் நிற்க வேண்டும் என்பது அங்கே உத்தரவு. காவலாளி வெளியே வந்து நின்றான். ஆட்கள் இன்னும் திரும்பவில்லையே என்று ஒரு காலி எண்ணெய் டின்னை எடுத்து அடிக்க ஆரம்பித்தான். கை மரத்துப்போனால் இன்னொருவன் வாங்கி அடித்தான். அந்தச் சத்தத்தைப் பிடித்துக்கொண்டுதான் அவர்கள் வந்து சேர்ந்தார்கள்.

"பச்சை எரிஞ்சிருந்தா அந்தப் பையன் ஹீட்டர் பக்கத்துல உக்காந்திருப்பாம்மா. அவன் மேல தப்பும் சொல்ல முடியாது" என்றார் ஹவில்தார்.

அக்காவின் அம்மா மகளையே பார்த்தார். "கேமரா கம்பெனின்னுதான் சொன்னா. கல்யாணப் படம் எடுக்க எடம்னு நெனச்சிக்கிட்டிருந்தேன்" என்றார் என்னிடம். அப்புறம் கைத்தடியை ஊன்றி எழுந்து, பக்கத்து வீடுகளைக் கூப்பிட ஆரம்பித்தார். "ஏட்டி, வெளிய வாங்கட்டி! என் மக செஞ்ச பொட்டியப் பத்தி மிலிட்டரிக்காரர் வந்து சொல்லுதாரு!" வரிசை வரிசையாகக் கதவு திறந்தது. கொழுந்துப் பையைக் கழற்றாத பெண்களும் வந்து நின்றார்கள். இந்த மனுஷியின் எதிரில் உட்கார்ந்து பன்னிரண்டு வருஷம் சாப்பிட்டிருக்கிறேன் என்று அங்கே இருந்த ஒவ்வொருவரிடமும் சொல்ல வேண்டும் போலிருந்தது.

அக்கா யாரையும் பார்க்கவில்லை. உள்ளே போய் ஒரு நோட்டை எடுத்து வந்து உட்கார்ந்தார்.

"மஞ்சள் எத்தன மணிக்கு எரிஞ்சது? எவ்வளவு நேரம்? முதல்ல எந்தத் தகடு மறைஞ்சது?"

ஹவில்தார் தெரிந்ததைச் சொன்னார். தெரியாததைத் தெரியாது என்றார். அக்கா எழுதிக்கொண்டார். எழுதி முடித்தும் நோட்டை மூடவில்லை.

"அந்த எட்டுப் பேரு பேரும் சொல்லுங்க."

அவர் ஒவ்வொன்றாகச் சொன்னார். வடக்கத்திப் பெயர், மலையாளத்துப் பெயர், வாயில் நுழையாத மலைநாட்டுப் பெயர். எழுத்துக்கூட்டிக் கேட்டுக் கேட்டு அக்கா எழுதினார். ஹவில்தார் நிறுத்தினார்.

"ஏழுதான் ஆச்சு" என்றார் அக்கா, நிமிராமல்.

"எட்டாவது நான்தாம்மா."